வாடகை வீடு, இரும்புக் கைப்பிடி, எட்டு மாதப் பையன்: மாடிப்படிக்கு எந்தக் கேட் வாங்குவது?

வேலன் அம்மா (சுங்கை ஆரா, பினாங்கு)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லாமல் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் இரட்டை மாடி டெரஸ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய வீடு. ஹாலில் சோபாவுக்குப் பின்னாலேயே படி தொடங்கிவிடுகிறது. பதினைந்து படி, நடுவில் ஒரு திருப்பம். ஏறும்போது இடது பக்கம் சுவர், வலது பக்கம் இரும்புக் கம்பி வைத்த கைப்பிடி. படிக்கு வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். மழை நாளில் நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன்.

வேலனுக்கு எட்டு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. போன மாதம்வரை குப்புறப் படுத்து, கரையில் விழுந்த மீன் மாதிரி ஒரே இடத்தில் கை கால் அடித்துக்கொண்டிருந்தான். இப்போது முழங்கால் ஊன்றித் தவழ்கிறான். தவழ்கிறான் என்றா சொன்னேன், பறக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பாயான் லெப்பாசில் நைட் ஷிப்ட் முடித்து வந்து மேலே தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நெத்திலி சம்பால் கிளறிக்கொண்டிருந்தேன். வேலன் கையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன், அதைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அழுகைச் சத்தம்கூடப் பரவாயில்லை, சத்தமே இல்லை என்றால்தான் வயிறு கலங்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்றாவது படியில் முழங்கால், நான்காவது படியில் இரண்டு கை, அதன் விளிம்பில் வாய். எச்சில் ஒழுக டைல்ஸை நக்கிக்கொண்டிருக்கிறான். கரண்டி முதல் படியில் கிடக்கிறது. எனக்குக் குரல் வரவில்லை. வந்திருந்தாலும் கத்தியிருக்க மாட்டேன். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் போச்சு. பூனை மாதிரிப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அன்றைக்குச் சம்பால் அடிப்பிடித்துப் போனது, சட்டியை இன்னும் ஊறப் போட்டிருக்கிறேன்.

மாமியார் கேட்டுவிட்டு, "முருகன் பேரை வைத்தால் மலை ஏறத்தான் செய்வான். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது, ஆசை தீர ஏறட்டும்" என்று சிரித்தார். ஆனால் அன்று இரவே இரண்டு நாற்காலியைப் படிக்குக் குறுக்கே சாய்த்து வைத்தது அவர்தான். இப்போது வேலன் அந்த நாற்காலிக் காலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகுகிறான்!

ஆகவே கேட் வாங்கியே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், வீட்டு ஓனர் ஒரு சீன ஆன்ட்டி. நல்லவர்தான், ஆனால் ஒப்பந்தத்தில் சுவரில் துளை போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது, இரண்டு மாத டெபாசிட் அவர் கையில். வலது பக்கமோ இரும்புக் கம்பி, அதில் எதை மாட்டுவது என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் மாமியாருக்கு முழங்கால் வலி. கையில் துணிக்கூடையோடு ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குவார். பிள்ளைக்காகப் போட்ட கேட்டில் அவர் தடுக்கி விழுந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது?

கடையில் 90 வெள்ளிக்கும் கேட் இருக்கிறது, 400 வெள்ளிக்கும் இருக்கிறது. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கம்பி. என்ன வித்தியாசம்? பத்து காவான் ஊரில் இருக்கும் ஐகியா கடைக்கு இரண்டாம் பினாங்குப் பாலத்தில் போய் நேரில் பார்த்துவிட்டு வரவும் தயார். யாராவது சொல்லுங்கள்.


கெலுகோர் தம்பி

அக்கா, இதற்கா இவ்வளவு யோசனை? முட்டுக் கொடுக்கும் வகை வாங்குங்கள். நான்கு மூலையிலும் ரப்பர் வைத்த போல்ட் இருக்கும், கையாலேயே திருகினால் இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திக்கொண்டு நிற்கும். டிரில் வேண்டாம், துளை வேண்டாம், ஓனருக்குத் தெரியவே தெரியாது. ஷாப்பி ஆன்லைன் கடையில் 109 வெள்ளி. கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டேன், கீழே ஒன்று, மேலே ஒன்று. கூடவே நான்கு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது, அது எதற்கு என்று தெரியவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். எங்கள் மகளுக்கு ஒன்றே கால் வயது, இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.


மரவேலை அண்ணன் (பட்டர்வொர்த்)

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. மேலே மாட்டியதை இன்றைக்கே கழற்று. படித்து முடித்ததும் இல்லை, இப்போதே.

தங்கச்சி, நான் 26 வருடமாகக் கதவு, அலமாரி, கைப்பிடி வேலை செய்கிறவன். கேட் வியாபாரி இல்லை, அதனால் எந்தப் பிராண்டையும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். வித்தியாசம் விலையில் இல்லை, கேட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில்தான்.

முட்டுக் கொடுக்கும் கேட்டை நிறுத்தி வைப்பது வெறும் அழுத்தம்தான். தினமும் முப்பது முறை திறந்து மூடினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இரண்டு பக்கமும் கெட்டியான சுவர் இருந்தாலே அப்படி. உங்கள் வீட்டில் ஒரு பக்கம் இரும்புக் கம்பி. அழுத்த அழுத்த அது வில் மாதிரி வெளிப்பக்கம் வளையும். நீங்கள் திருகிக்கொண்டே இருப்பீர்கள், அது வளைந்துகொண்டே இருக்கும். பத்துக் கிலோ பிள்ளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினால் ஒரு நாள் கழன்று வரும். கீழ்ப்படியில் கழன்றால் பிள்ளை தரையில் உட்காரும், அழும், சரியாகிவிடும். மேலே கழன்றால் கேட்டும் பிள்ளையும் சேர்ந்து பதினைந்து படி உருளும். என் தங்கை வீட்டில் கழன்றது பெரியவர்கள் கையில், அதனால் தப்பித்தோம்.

தம்பி தூக்கிப் போட்ட கிண்ணம் இருக்கிறதே, அதுதான் போல்ட் நழுவாமல் சுவரில் பதித்து வைக்க வேண்டியது. அது இல்லாமல் மாட்டினால் கேட்டின் பலத்தில் பாதியைக் குப்பையில் போட்ட மாதிரி.

இன்னொன்று, இந்த வகைக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பி கட்டாயம் இருக்கும். அந்தக் கம்பிதான் சட்டத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். கேட் திறந்திருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். முழங்கால் வலிக்கார அம்மா, கையில் துணிக்கூடை, கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது, முன்னால் இறங்கும் படி. வேறு சொல்ல வேண்டுமா?

ஆகவே மேலே ஸ்க்ரூ அடித்து மாட்டும் வகைதான், வேறு பேச்சே இல்லை. அதில் பெரும்பாலும் அடிக்கம்பி கிடையாது, கதவு மாதிரித் திறந்தால் வழி முழுதும் காலி. மாட்டும்போது கேட் மாடி நடை பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட வேண்டும், படிப் பக்கம் ஆடவே கூடாது. சில கேட்டில் இரண்டு பக்கமும் திறக்கும், ஒரு பக்கத்தைத் தடுக்கச் சின்னத் தடுப்பான் பெட்டியிலேயே இருக்கும். அதைப் போட மறக்காதீர்கள்.

பெட்டியில் இ.என். 1930 என்றோ ஏ.எஸ்.டி.எம். எஃப் 1004 என்றோ இருக்கிறதா பாருங்கள். முன்னது ஐரோப்பாவின் தரம், பின்னது அமெரிக்காவுடையது, அங்கே 2021 ஜூலையிலிருந்து கட்டாயம். இரண்டும் இல்லாத கேட்டை நான் என் பேரனுக்கு மாட்ட மாட்டேன். கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நெடுக்குக் கம்பியாக இருக்கட்டும். குறுக்குக் கம்பி வைத்த கேட் அழகாக இருக்கும், ஆனால் அது கேட் இல்லை, ஏணி.

இனி உங்கள் இரும்புக் கைப்பிடி. அதில் துளை போட வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் மெராந்திப் பலகை வாங்குங்கள், ஒரு அங்குலம் கனம், மூன்று நான்கு அங்குல அகலம், கேட் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதல் நீளம். கைப்பிடி முடிகிற இடத்தில் தடித்த கம்பம் ஒன்று இருக்கும், மெல்லிய கம்பியில் இல்லை, அந்தக் கம்பத்தில் பலகையைச் சேர்த்து மூன்று யூ-போல்ட் போட்டு இறுக்குங்கள். நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் பெயிண்டும் போகாது, வழுக்கவும் வழுக்காது. கேட்டின் பூட்டுப் பக்கத்தை அந்தப் பலகையில் ஸ்க்ரூ அடித்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது போல்ட்டைக் கழற்றினால் கம்பம் பழையபடி.

சுவர்ப் பக்கத்துக்குத் துளை போடாமல் வழி இல்லை. ஆனால் அங்கேயும் முதலில் ஒரு பலகை. சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் பட்டை துருத்திக்கொண்டிருக்கும், கேட்டை நேராகச் சுவரில் வைத்தால் கீழே முட்டும், மேலே இடைவெளி விழும். பலகையின் அடியைக் கொஞ்சம் செதுக்கி ஸ்கர்ட்டிங் மேல் உட்கார வைத்தால் கேட் செங்குத்தாக நிற்கும். சுவரில் 6 மில்லிமீட்டர் துளை நான்கே நான்கு, கீல் ஸ்க்ரூ எல்லாம் பலகையோடு போய்விடும். ஓனரிடம் சொல்லும்போது "நான்கு துளை, போகும்போது பட்டி பூசி பெயிண்ட் அடித்துத் தருகிறேன்" என்று கணக்காகச் சொல்லுங்கள். துளை என்றால் பயப்படுகிறவர்கள் நான்கு என்றால் யோசிப்பார்கள்.

துளை போடும் முன் ஒரு விஷயம். படி விளக்குக்கு மாடியில் ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்கள். அதற்கு நேர் மேலும் நேர் கீழும் சுவருக்குள் வயர் போகலாம். அந்தக் கோட்டில் டிரில் வைக்காதீர்கள். என் ஆள் ஒருவன் வைத்தான், மொத்த வீடும் இருட்டு.

அளவு எடுத்துப் போடுங்கள்: மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து சொல்லுங்கள்.


வேலன் அம்மா (சுங்கை ஆரா, பினாங்கு)

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இப்போதுதான் அளந்தேன். மாடியில் சுவருக்கும் கம்பத்துக்கும் இடையே 89 செ.மீ., ஸ்கர்ட்டிங் இருக்கிற இடத்தில் 87.5. கீழே 91. சுவிட்ச் சரியாக நான் கேட் வைக்க நினைத்த இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது! சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் அங்கேதான் டிரில் வைத்திருப்பார்.

கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 11.5 செ.மீ. ஒரு கோலா டின்னை வைத்துப் பார்த்தேன், உரசாமல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. வேலன் அதைப் பார்த்துக் கை தட்டினான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.


செந்தூல் நர்ஸ் அக்கா

11.5 என்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் தங்கச்சி. தவழும் பிள்ளை காலை முதலில் விடும், உடம்பு நழுவிப் போகும், தலை மாட்டிக்கொள்ளும். கைப்பிடிக்கு என்று நைலான் வலை விற்கிறார்கள், உயரம் முழுவதும் இழுத்துக் கட்டி, ஒரு சாண் இடைவெளியில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். டையின் வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை முகத்தைக் கீறும். மாதம் ஒரு முறை வலையைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

நான் மூன்று பிள்ளை வளர்த்தவள், 19 வருடம் நர்ஸ் வேலை. கேட்டைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டைத் திறப்பது யார் என்று யாரும் கேட்கவில்லையே. திறக்கப் போவது உங்கள் மாமியார். ஆகவே கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் ஒரு 5 கிலோ அரிசிப் பையை அவர் இடுப்பில் கொடுத்து, மீதி இருக்கும் ஒரு கையால் திறக்கச் சொல்லுங்கள். பல கேட்டில் கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே மேலே தூக்க வேண்டும். வாத நோய் உள்ள விரலுக்கு அது முடியாது. முடியவில்லை என்றால் என்ன செய்வார்? திறந்தே போடுவார், இல்லையென்றால் தாண்டுவார். என் அம்மா தாண்டினார். 75 சென்டிமீட்டர் கேட்டை, புடைவையோடு, அறுபத்தெட்டு வயதில்! கேட்டால் "தோட்டத்தில் வேலியே தாண்டியிருக்கிறேன்" என்றார்.

சுருட்டி இழுக்கும் வலைக் கேட் ஒன்று இருக்கிறது, திரை மாதிரி. அடிக்கம்பி இல்லை, அழகாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அதை இழுத்து மாட்ட எங்கள் வீட்டில் இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதனால் மூன்றாம் நாளே யாரும் மாட்டவில்லை. அதற்கும் ஸ்க்ரூ அடித்துத்தான் ஆக வேண்டும், துளை இல்லாமல் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஓனர் பதில் சொல்லும்வரை ஒரு வழி சொல்கிறேன். வேலன் மேலே போவது தூங்கத்தானே? அப்படியென்றால் இப்போதைக்குப் படுக்கையறைக் கதவு நிலையில் முட்டு வகைக் கேட்டை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் கெட்டியான மரம், தரை சமம், கழன்றாலும் விழுவதற்குப் படி இல்லை. அடிக்கம்பியில் மஞ்சள் டேப் ஒட்டிவிடுங்கள், இரவில் எழுந்து போகிறவர்களுக்குத் தெரியும். படி உச்சிக்கு ஸ்க்ரூ வகை வந்த பிறகு அதையே கீழ்ப்படிக்கு இறக்கிக்கொள்ளலாம். 91 செ.மீ.க்கு நீட்டிப்புத் துண்டு ஒன்று சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கேட்டுக்கென்றே வந்த துண்டாக இருக்க வேண்டும், வேறு கம்பெனித் துண்டைச் செருகாதீர்கள். கீழேயும் அண்ணன் சொன்ன பலகையைக் கட்டுங்கள்.

ஒரு வேளை விழுந்துவிட்டால், இதை எழுதி ஐஸ் பெட்டியில் ஒட்டி வையுங்கள்: நினைவு தப்பினாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாதபடி தூங்கி வழிந்தாலும், வலிப்பு வந்தாலும், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரியோ இரத்தமோ வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, 999 கூப்பிட வேண்டும். தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், யாராவது சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிக் கொடுத்திருந்தால் அதை மடித்துப் பரண் மேல் போட்டுவிடுங்கள். வாக்கரில் உட்கார்ந்த பிள்ளை ஒரு நொடியில் ஒரு மீட்டர் போய்விடும், நம்மால் எட்டிப் பிடிக்க முடியாது. கனடாவில் 2004லேயே அதை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.


தோட்டத்துப் பெரிசு (கூலிம்)

எங்கள் காலத்தில் கேட்டும் இல்லை கீட்டும் இல்லை. ஏழு பேர் வளர்ந்தோம், ஒருவர்கூடப் படியில் விழவில்லை.


மரவேலை அண்ணன் (பட்டர்வொர்த்)

அய்யா, நீங்கள் வளர்ந்தது தோட்டத்து லயத்திலா, அந்த வரிசை வீட்டிலா?


தோட்டத்துப் பெரிசு (கூலிம்)

ஆமாம்.


மரவேலை அண்ணன் (பட்டர்வொர்த்)

உங்கள் லயத்தில் மாடிப்படி இருந்ததா?


தோட்டத்துப் பெரிசு (கூலிம்)

சரி சரி, நீர் கெட்டிக்காரர்தான். படி இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை இருக்கும். முழங்கால் உயரம். இரண்டு பக்கமும் கட்டை அடித்து, பலகையை மேலிருந்து சொருகுவார்கள். ஆயா காலைத் தூக்கித் தாண்டி வருவார், நாங்கள் உள்ளே இருந்து பலகையைப் பிடித்துக்கொண்டு அம்மா பால்மரம் (ரப்பர்) சீவிவிட்டு வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். பலகையின் மேல் விளிம்பு எங்கள் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். அதைக் கேட் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நல்ல மரமாகப் பார்த்துப் போடுங்கள், சிலாம்பு ஏறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.


கெலுகோர் தம்பி

அண்ணே, மேல் கேட்டைக் கழற்றிவிட்டேன். சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று என் முட்டியால் ஒரு தள்ளுத் தள்ளினேன், ஒரு மூலை அப்படியே நழுவியது. மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இப்போது யாரும் என்னோடு பேசவில்லை.


வேலன் அம்மா (சுங்கை ஆரா, பினாங்கு)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஓனர் ஆன்ட்டிக்கு அண்ணன் சொன்ன மாதிரியே "நான்கு துளை" என்று எழுதி, படியின் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் நேரிலேயே வந்துவிட்டார். படியில் நின்று மேலும் கீழும் பார்த்தார், வேலன் அவர் கால் செருப்பைக் கழற்றப் பார்த்தான். "போடு, போடு. ஆனால் போகும்போது பட்டி பூசு, பெயிண்ட் இதே நிறம்" என்றார். அவ்வளவுதான். நான்தான் இத்தனை நாளாக மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேபி கடைக்கு மாமியாரையும் கூட்டிப்போனோம். அரிசிப் பை கிடைக்கவில்லை, வேலனையே இடுப்பில் கொடுத்தோம், எட்டரைக் கிலோ. முதல் கேட்டில் அவர் கட்டை விரல் வலிக்கிறது என்றார். இரண்டாவதைத் திறந்தார், ஆனால் மூட முடியவில்லை. மூன்றாவதில் பொத்தான் இல்லை, பிடியைப் பின்னால் இழுத்து லேசாகத் தூக்க வேண்டும், அதை ஒரே முறையில் திறந்து, ஒரே தள்ளில் மூடினார். கடைக்காரப் பெண் கை தட்டினாள். 345 வெள்ளி. வீட்டுக்காரர் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பணத்தைக் கட்டினார், கார் வரைக்கும் பேசவே இல்லை.

மாட்டும் வேலை ஒரு சனிக்கிழமை முழுதும் ஓடியது. சுவிட்சிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். கம்பமும் அங்கே வசதியாக இருந்தது. முதல் துளை செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் சிமெண்டில் இறங்கிவிட்டது போல, பொலபொலவென்று உதிர்ந்தது, பிளக் நிற்கவில்லை. இரண்டு விரல் தள்ளிப் போட்டார், பிடித்துக்கொண்டது. ஆகவே நான்கு இல்லை, ஐந்து துளை. ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. துளைக்குக் கீழே ஒரு கடித உறையை டேப்பால் ஒட்டிவைத்தால் தூசி எல்லாம் அதற்குள்ளேயே விழுகிறது, இது என் மாமியார் கண்டுபிடிப்பு, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். மெராந்திப் பலகையைப் பெரிசு அய்யா சொன்னபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வேலன் முதல் நாளே அதை நக்கிப் பார்த்துவிட்டான். டைல்ஸ் அளவுக்குப் பிடிக்கவில்லை.

கீழே முட்டு வகை, கிண்ணத்தைச் சுவரில் ஒட்டித்தான் மாட்டியிருக்கிறோம், தம்பி! ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு போல்ட்டையும் ஒரு முறை திருகிப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. கைப்பிடி முழுவதும் வலை. வீடு பேட்மிண்டன் கோர்ட் மாதிரி இருக்கிறது என்று என் தங்கை சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

ஒரே ஒரு குறை. முதல் வாரம் மாமியார் ஒழுங்காகத் திறந்து மூடினார். இரண்டாவது வாரம் பார்த்தால் மேல் கேட் தலைமுடி ரப்பரால் சுவர்ப் பலகையோடு சேர்த்துக் கட்டிக் கிடக்கிறது. துணிக்கூடையோடு வந்தால் கை போதவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ரப்பரை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அழுக்குத் துணியை எல்லாம் ஒரு பழைய கைலியில் மூட்டையாகக் கட்டி, மேலே நின்றபடியே கேட்டுக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறார். மூட்டை திருப்பத்தில் ஒரு முறை முட்டி, மீதிப் படியில் உருண்டு வந்து கீழ்க் கேட்டில் தொப்பென்று நிற்கிறது. வேலன் கீழ்க் கேட்டுக்கு இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அதற்காகத்தான் நிற்கிறான்.